அல்டோ வாங்கலாமா? ஒரு சிறிய காரின் உண்மையான விலை

விசுவமடுவில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் சுமார் 80 கிலோமீற்றர். அம்மாவுக்கு மாதம் ஒருமுறை அங்கே கிளினிக். விடிய நான்கு மணிக்கு எழும்பி, பரந்தனுக்கு வந்து, பஸ் மாறி, இலக்கத்துண்டு எடுத்து, மருந்து வாங்கித் திரும்பி வரும்போது பொழுது பட்டுவிடும். அத்தான் 2009இல் மாத்தளனில் விழுந்த ஷெல்லில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பொய்க்காலோடு பஸ்ஸில் நின்று பயணம் செய்வது அவருக்கு எப்படியிருக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

கனடாவில் இருக்கும் அண்ணா ஒருநாள் தொலைபேசியில், "நான் பதினைந்து இலட்சம் அனுப்புறன், மிச்சத்துக்கு லீசிங் போட்டு ஒரு அல்டோ எடுங்கோ" என்றார். அத்தான் என்னைக் கேட்டார்: "தம்பி, எடுக்கலாமோ? எடுத்தால் கட்ட ஏலுமோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிச் சேர்த்த விடயங்களே இந்தக் கட்டுரை. வடக்கு கிழக்கில் இதே கேள்வி இன்று பல வீடுகளில் கேட்கப்படுகிறது. வெளிநாட்டு உறவின் காசு ஒரு பகுதி, நிதி நிறுவனத்தின் கடன் ஒரு பகுதி, ஒரு சிறிய கார். இது வசதியா, சுமையா?

எங்கள் வீதிகளில் கார்

யாழ்ப்பாணத்தில் காருக்கு நீண்ட கதை உண்டு. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் போன்ற 1950களின் பிரித்தானியக் கார்கள் பல தசாப்தங்கள் எங்கள் வீதிகளில் ஓடின. 1990களில் பொருளாதாரத் தடை காரணமாகப் பெற்றோல் கிடைக்காதபோது, சிறிய போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கலியாணத்திற்கும் அந்தக் கார்தான், ஆஸ்பத்திரிக்கும் அந்தக் கார்தான். அவை தப்பிப் பிழைத்ததற்குக் காரணம், உள்ளூர் மெக்கானிக் ஒருவரால் கழற்றிப் பூட்டக்கூடிய எளிமையான இயந்திரம் அவற்றில் இருந்தமையே.

2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. இறுதி யுத்தத்தில் வன்னி மக்கள் உழவு இயந்திரம், லான்ட்மாஸ்ரர், மோட்டார் சைக்கிள் என்று கிடைத்ததில் எல்லாம் இடம்பெயர்ந்து, கடைசியில் முள்ளிவாய்க்காலில் அவற்றை விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியேறினார்கள். வாகனம் என்பது ஒரே இரவில் போய்விடக்கூடிய சொத்து என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் நாங்கள்.

2009இற்குப் பின்னர் வீதியோடு சேர்ந்து நிதி நிறுவனங்களும் வந்தன. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் எல்லாம் தவணைக்குக் கிடைத்தன. தவணை தவறியபோது அவை பறிமுதல் செய்யப்பட்டன. "சீஸ் பண்ணிட்டாங்கள்" என்ற சொல் வன்னிக்குப் பழக்கமானது அப்போதுதான். எனவே காரைப் பற்றிப் பேசும்போது கடனையும் சேர்த்தே பேச வேண்டும்.

அல்டோ என்றால் எந்த அல்டோ?

சந்தையில் "அல்டோ" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு கார்கள் விற்பனைக்கு உண்டு. விலை கேட்பதற்கு முன்னர் எது என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இந்தியாவில் தயாரான மாருதி சுசுகி அல்டோ 800. இது 1983 டிசம்பரில் இந்தியாவில் அறிமுகமான மாருதி 800 என்ற புகழ்பெற்ற காரின் வாரிசு. மாருதி அல்டோ 2000ஆம் ஆண்டு வந்தது. புதிய உருவத்தில் அல்டோ 800 2012 ஒக்டோபரில் வந்து, 2023இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஐந்து கியர், கையால் மாற்றும் முறை. எரிபொருள் தாங்கி 35 லீற்றர். ரயர் 12 அங்குலம். பின்பக்கப் பெட்டியறை 177 லீற்றர். இரண்டு பயணப் பைகளுக்கு மேல் கொள்ளாது.

இரண்டாவது, அல்டோ கே10. அதே குடும்பம், ஆனால் 998 சிசி எஞ்சின். ஏ9 வீதியில் நான்கு பேரோடு, குளிரூட்டியும் போட்டுக்கொண்டு லொறி ஒன்றை முந்தும்போது இந்த 200 சிசி வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, "ஜப்பான் அல்டோ". ஜப்பானின் கெய் எனப்படும் சிறு கார் வகையைச் சேர்ந்தது. அந்த வகைக்கு எஞ்சின் 660 சிசிக்கும், நீளம் 3.4 மீற்றருக்கும், அகலம் 1.48 மீற்றருக்கும் மேற்படக்கூடாது என்பது சட்டம். இங்கே ஓடும் ஜப்பான் அல்டோக்களில் 658 சிசி எஞ்சினும், பெரும்பாலும் ஒட்டோமெட்டிக் கியரும் உண்டு. கிளட்ச் மிதி இல்லை. இடது காலுக்கு வேலையே இல்லை.

அத்தானைப் போன்றவர்களுக்கு இந்தக் கடைசி விடயம்தான் முக்கியம். வலது கால் நலமாக இருப்பவர், எந்த மாற்றமும் செய்யாமல் ஒட்டோமெட்டிக் கார் ஒன்றை ஓட்டலாம். வலது காலை இழந்தவருக்கும், இரண்டு கால்களையும் இழந்தவருக்கும் கையால் இயக்கும் பிரேக், அக்சிலரேற்றர் பொருத்த வேண்டும். எந்த நிலையிலும் மருத்துவச் சான்றிதழும், அந்த வகை வாகனத்துக்குப் பொருந்தும் சாரதி அனுமதிப்பத்திரமும் முதலில் கைக்கு வரவேண்டும். காரை வாங்கி நிறுத்திவிட்டு அனுமதிப்பத்திரத்திற்கு அலையக்கூடாது. விபத்து நடந்தால், உரிய அனுமதிப்பத்திரம் இல்லாத சாரதிக்குக் காப்புறுதி கைகொடுக்காது.

இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய வேறு சிறிய கார்களும் உண்டு. மலேசியாவின் பெரடுவா வீவா, பிரெஞ்சு நிறுவனத்துக்காக இந்தியாவில் தயாராகும் ரெனோ குவிட், 2018இல் உற்பத்தி நின்றுபோன டாட்டா நனோ, ஜப்பானின் வகன் ஆர், டைஹட்சு மிரா ஆகியன அவற்றுள் சில. உற்பத்தி நின்றுபோன காருக்கு விலை குறைவாக இருக்கலாம். ஆனால் உதிரிப்பாகம் தேடி அலையும் நாட்களையும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அல்டோவின் பெரிய பலம் இங்கேதான். அதன் உதிரிப்பாகம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் மட்டுமல்லாமல் வடக்கின் நகரங்களிலும் கிடைக்கும். திறக்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார்.

விலை ஏன் இப்படி இருக்கிறது?

"இந்தியாவில் சில இலட்சம் இந்திய ரூபாவுக்கு விற்ற கார், இங்கே ஏன் இவ்வளவு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

முதற்காரணம் வரி. சுங்க வரி, அதன் மேல் மேலதிக வரி, எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்த உற்பத்தி வரி, எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் 18 வீத வற் வரி என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிறது. 2015 ஜனவரி இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் 1000 சிசிக்குக் குறைந்த கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. அந்த ஆண்டில்தான் சிறிய கார்கள் நாடெங்கும் பெருகின. 2018 ஓகஸ்டில் அதே சிறிய கார்களுக்கு வரி கூட்டப்பட்டது.

இரண்டாவது காரணம் தடை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாட்டுக்குள் புதிய கார் வரவில்லை. இருந்த கார்களே கை மாறின. பழைய கார் விலை ஏறியது.

மூன்றாவது காரணம் ரூபாவின் வீழ்ச்சி. 2022 ஆரம்பத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. சில மாதங்களில் அது 360 ரூபாவை எட்டியது.

"2015இல் வாங்கிய காரை ஏழு வருசம் ஓடிவிட்டு இரண்டு மடங்கு விலைக்கு வித்திட்டன்" என்று பெருமையாகச் சொல்பவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். ரூபாவில் அது இலாபம் போலத் தெரியும். ஆனால் 2015 தொடக்கத்தில் டொலர் ஒன்று சுமார் 132 ரூபாவாக இருந்தது. அவர் விற்றபோது அது 360. டொலரில் கணக்குப் பார்த்தால் அவருக்குக் கிடைத்தது போட்டதைவிடக் குறைவு. அந்தக் காசுக்கு அவரால் அதே போன்ற இன்னொரு காரையும் வாங்க முடிந்திராது.

ஆகவே "கார் வாங்குவது முதலீடு" என்று யாராவது சொன்னால் நிதானமாகக் கேளுங்கள். அந்த விலையேற்றம் ஒரு தடையாலும் ஒரு நெருக்கடியாலும் வந்தது. வரி குறைந்தாலோ இறக்குமதி கூடினாலோ பழைய காரின் விலை இறங்கும். இன்று உச்ச விலை கொடுத்து வாங்குபவரே அந்த இறக்கத்தையும் தாங்க வேண்டும்.

கடனின் கணக்கு

கீழே வரும் தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தொகைகளைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

காரின் விலை 30 இலட்சம் என்போம். கையில் 15 இலட்சம். மிகுதி 15 இலட்சம் லீசிங், 60 மாதங்கள்.

ஆண்டு வட்டி 15 வீதம், குறைந்துசெல்லும் மீதிக்கு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 35,700 ரூபா. ஐந்து ஆண்டுகளில் கட்டும் மொத்தம் 21 இலட்சத்து 41 ஆயிரம். வட்டி மட்டும் 6 இலட்சத்து 41 ஆயிரம்.

வட்டி 24 வீதமானால் தவணை 43,150 ரூபா. வட்டி மட்டும் ஏறத்தாழ 10 இலட்சத்து 90 ஆயிரம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில இடங்களில் "12 வீதம்தான்" என்று சொல்வார்கள். அது மொத்தக் கடனுக்கும் ஐந்து ஆண்டுகளும் மாறாமல் போடும் வட்டியாக இருந்தால், 15 இலட்சத்திற்கு ஆண்டுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் வீதம் 9 இலட்சம் வட்டி. தவணை 40,000. குறைந்துசெல்லும் மீதி முறையில் பார்த்தால் இது 20 வீதத்திற்குச் சற்று அதிகமான வட்டி. நீங்கள் பாதிக் கடனைக் கட்டிய பின்னரும் முழுக் கடனுக்கே வட்டி எடுக்கிறார்கள் என்பதே இதன் பொருள். எனவே வட்டி வீதத்தைக் கேட்காதீர்கள். "மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், முன்கட்டணம் எவ்வளவு, கடைசியில் நான் கட்டியிருக்கும் மொத்தத் தொகை எவ்வளவு?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

லீசிங் முடியும்வரை வாகனத்தின் சட்ட உரிமை நிதி நிறுவனத்திடமே இருக்கும். நீங்கள் பாவனையாளர் மாத்திரம். இதை மறந்துவிட்டுப் பலர் லீசிங்கில் உள்ள வாகனத்தைக் கைமாற்றி விற்று வழக்கில் மாட்டியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். தமிழில் இல்லையென்றால் வாசித்து விளக்கக்கூடிய ஒருவரோடு போங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைப்பதால் என்ன நடக்கும் என்பது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. தாமதக் கட்டணம், முன்கூட்டியே கட்டி முடித்தால் அறவிடும் தொகை, பறிமுதல் செய்வதற்கு முன்னர் தரவேண்டிய அறிவித்தல் ஆகிய மூன்று பந்திகளையும் கட்டாயம் பாருங்கள்.

பிணையாளியைப் பற்றியும் ஒரு சொல். நீங்கள் தவறினால் அவர் கட்ட வேண்டும். அக்கம்பக்கத்தில் உறவு முறிந்த பல கதைகளுக்குப் பின்னால் ஒரு பிணைக் கையெழுத்து உண்டு.

நிதி நிறுவனத்தோடு பிணக்கு ஏற்பட்டால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்துக்கு எழுதலாம். 2023இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கான ஒழுங்குவிதிகளை வெளியிட்டிருக்கிறது. ஆனால் மத்திய வங்கியில் பதிவு பெறாத தனியாரிடம் எடுத்த கடனுக்கு அந்த வழி இல்லை.

மாதம் எத்தனை கிலோமீற்றர்?

கார் பெறுமதியானதா என்பதைத் தீர்மானிப்பது அதன் விலை மட்டுமல்ல. நீங்கள் மாதம் எவ்வளவு தூரம் ஓடுவீர்கள் என்பதும் அதேயளவு முக்கியம். அக்காவிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, ஒரு மாதம் வீட்டுத் தேவைக்குப் போன ஒவ்வொரு பயணத்தையும் எழுதச் சொன்னேன். அம்மாவின் கிளினிக் 160 கிலோமீற்றர். கிளிநொச்சிக்கு மூன்று முறை போய்வந்தது ஏறத்தாழ 150. கோயில், செத்தவீடு, கடை என்று 60. மொத்தம் 370.

இனிக் கணக்கு. பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்றும், கார் லீற்றருக்கு 16 கிலோமீற்றர் ஓடும் என்றும் வைத்தால், கிலோமீற்றருக்கு 19 ரூபா. அல்டோ 800 இந்தியாவில் அறிமுகமானபோது நிறுவனம் சொன்ன கணக்கு லீற்றருக்கு 22.74 கிலோமீற்றர். அது பரிசோதனைக் கூடத்துக் கணக்கு. குளிரூட்டி, பழைய எஞ்சின், நான்கு பேர் என்றால் அதை எதிர்பார்க்க முடியாது.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் செலவு உண்டு. காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ஒயில் மாற்றம், ரயர், பற்றரி, எதிர்பாராத திருத்தம். இவற்றுக்கு மாதம் 15,000 ஒதுக்குவோம். ஹயர் கார் ஒன்றுக்குக் கிலோமீற்றருக்கு 120 ரூபா என்போம்.

மாதம் 370 கிலோமீற்றருக்கு:

ஹயர் பிடித்தால் 44,400 ரூபா.
கடனில்லாத சொந்தக் கார் என்றால் ஏறத்தாழ 22,000 ரூபா.
மேலே சொன்ன 35,700 ரூபாத் தவணையோடு என்றால் ஏறத்தாழ 57,700 ரூபா.

இதன்படி, கடனில்லாத கார் மாதம் 150 கிலோமீற்றருக்கு மேல் ஓடினாலே ஹயரைவிட மலிவு. தவணையோடு என்றால் 500 கிலோமீற்றரைத் தாண்ட வேண்டும். அக்காவின் குடும்பம் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது. அதாவது கார் அவர்களுக்குப் பிரயோசனமானது. கடன்தான் அதைக் கட்டுப்படியாகாததாக மாற்றியது.

இன்னும் நேர்மையாகப் பார்த்தால், கையிலுள்ள காசுக்கும் ஒரு விலை உண்டு. 30 இலட்சத்தை 8 வீத நிலையான வைப்பில் போட்டால் மாதம் 20,000 ரூபா வரும். சொந்தச் சேமிப்பை எடுத்துக் கார் வாங்குபவர் அதையும் சேர்க்க வேண்டும். அப்போது 22,000 என்பது 42,000 ஆகி, ஹயர் செலவை நெருங்கிவிடுகிறது.

"தவணை கட்டி முடிந்ததும் கார் மிஞ்சும்தானே, அதுவும் சேமிப்புத்தானே?" என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அது 60 மாதமும் தவறாமல் கட்டியவருக்கு மட்டும் மிஞ்சும் சேமிப்பு. கடற்றொழில், தோட்டம், நாட்கூலி என்று மாதாமாதம் வருமானம் ஏறி இறங்கும் வீட்டில் 60 மாதம் என்பது நீண்ட காலம். கடந்த சில ஆண்டுகளை மட்டும் நினைத்துப் பாருங்கள். 2022 ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. கியூஆர் அட்டையில் பங்கீடு செய்தார்கள். வரிசையில் இரவிரவாகக் கிடந்தோம். கார் முற்றத்தில் நின்றபோதும் தவணைத் திகதி நிற்கவில்லை.

கணக்கில் எழுத முடியாத நன்மைகளும் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் விசுவமடுவில் ஹயர் பிடிக்க யாரை எழுப்புவது? கணவரை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண் ஒருவருக்கு, இரவில் வேறொருவருடைய வாகனத்தை நம்பியிருக்கத் தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. பொய்க்காலோடு இருப்பவருக்கு, யாரிடமும் கேட்காமல் வெளியே போய்வருவது தனி மரியாதை. இவற்றின் பெறுமதியை அந்தந்த வீடுதான் அளக்க வேண்டும். அளந்துவிட்டு, அதற்காக மாதம் எவ்வளவு மேலதிகமாகக் கொடுக்கத் தயார் என்ற தொகையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பு: பேசாமல் விடும் விடயம்

மலிவான காரில் மலிவாக்கப்பட்டது எது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 2014 ஜனவரியில் குளோபல் என்கெப் அமைப்பு, எயார்பாக் இல்லாத அடிப்படை மாருதி அல்டோ 800ஐ மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதிப் பரிசோதித்தது. பெரியவர்களின் பாதுகாப்பிற்குக் கிடைத்த நட்சத்திரம் பூச்சியம். அதே சுற்றில் டாட்டா நனோ உள்ளிட்ட வேறு சில சிறிய கார்களும் பூச்சியமே பெற்றன. 2023இல் புதிய அல்டோ கே10 பெரியவர்களுக்கு இரண்டு நட்சத்திரமும், சிறுவர்களுக்குப் பூச்சியமும் பெற்றது.

இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் போவதைவிட இந்தக் கார் பாதுகாப்பானதுதான். ஆனால் ஏ9 நேரான, வேகமான வீதி. இரவில் மாடுகள் குறுக்கே நிற்கும். வெளிச்சமில்லாத உழவு இயந்திரம் முன்னால் போகும். இந்தக் காரோடு அந்த வீதியில் மணிக்கு 100இல் போவது தகாது. வாங்கும்போது முன்னிருக்கை இரண்டிற்கும் எயார்பாக் இருக்கும் மாதிரியைத் தேடுங்கள். சாவி போட்டதும் எயார்பாக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும், அணையாமல் நின்றாலும் அங்கே சிக்கல் இருக்கிறது.

பழைய கார் பார்க்கும்போது

பகல் வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். உங்கள் மெக்கானிக்கை நீங்களே கூட்டிப்போங்கள். விற்பவர் காட்டும் கராஜ் வேண்டாம்.

துரு: யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் ஓடிய கார்களை உப்புக்காற்று அரித்திருக்கும். கதவின் அடி விளிம்பு, சில்லுக்கு மேலுள்ள வளைவு, பின்பெட்டியின் அடித்தளம் ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள்.

வெள்ளம்: 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியது போன்ற சந்தர்ப்பங்களில் வாகனங்களும் மூழ்குகின்றன. கால் விரிப்பைத் தூக்கி மண் படிவு, பூஞ்சண மணம், இருக்கையின் அடிக்கம்பியில் துரு என்பவற்றைப் பாருங்கள்.

டைமிங் பெல்ட்: அல்டோ 800 எஞ்சினில் பெல்ட் உண்டு. எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்று எண்ணி, அந்தச் செலவை விலையில் குறையுங்கள்.

ஒட்டோமெட்டிக் கியர்: ஜப்பான் அல்டோவை நின்ற இடத்திலிருந்து மெதுவாக எடுத்துப் பாருங்கள். உதறலோ இரைச்சலோ இருக்கக்கூடாது. கியர் ஒயில் ஒழுங்காக மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். இந்தக் கியர் பெட்டி பழுதானால் திருத்தச் செலவு பெரிது. சாதாரண கராஜில் முடியாத வேலையாகவும் இருக்கலாம்.

ஓடிய தூரம்: மீற்றரைக் குறைப்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது. மீற்றர் 60,000 என்று காட்ட, பிரேக் மிதியின் றப்பர் தேய்ந்து, ஸ்ரியறிங் பளபளத்தால் நம்பாதீர்கள்.

தாள்களில் கவனம்

எங்கள் பகுதியில் இன்னும் "ஓப்பன் பேப்பர்" வியாபாரம் நடக்கிறது. பெயர் மாற்றாமல், முன்னைய உரிமையாளர் கையெழுத்து வைத்த படிவத்தோடு வாகனம் மூன்று நான்கு கை மாறும். பெயர் மாற்றச் செலவு மிச்சம் என்று எண்ணுகிறார்கள். இது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஆபத்து.

வாங்குபவரின் பக்கத்தில், பதிவிலுள்ள உரிமையாளர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ பெயர் மாற்றுவது பெரும் பாடு. இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்து, பின்னர் வருடக்கணக்கில் கச்சேரிக்கும் கொழும்புக்கும் அலைந்தவர்களுக்கு ஒரு தாளின் அருமை தெரியும். விற்பவரின் பக்கத்தில் ஆபத்து இன்னும் பெரிது. அந்த வாகனம் ஒரு விபத்திலோ குற்றத்திலோ அகப்பட்டால், பொலிஸ் முதலில் தேடி வருவது பதிவிலுள்ள பெயரைத்தான். விசாரணை என்ற சொல் எங்கள் வீடுகளில் எவ்வளவு கனமானது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே காசு கொடுக்க முன்னர் பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதியைப் பாருங்கள். எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். நிதி நிறுவனத்தின் பெயர் பதிவில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் முற்பணமும் கொடுக்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத்தை உடனே செய்யுங்கள். கைமாறிய திகதியையும் நேரத்தையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட தாளை இரு தரப்பும் வைத்திருங்கள்.

காப்புறுதியில் மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். அது மற்றவருக்கு ஏற்படும் சேதத்திற்கானது. உங்கள் காருக்கு ஒரு சதமும் தராது. முழுக் காப்புறுதி எடுக்கும்போது, காரின் பெறுமதியைக் குறைத்துக் காட்டித் தவணையை மிச்சம் பிடிக்க வேண்டாம். இழப்பு வந்தால் அந்தக் குறைந்த பெறுமதிக்கே பணம் கிடைக்கும்.

யாருக்கு, எப்போது?

சேர்த்துச் சொன்னால் இப்படி வரும்.

மாதம் 150 கிலோமீற்றருக்கும் குறைவாக ஓடும் வீட்டுக்கு, கடனில்லாவிட்டாலும் கார் செலவுதான். ஒரு நம்பிக்கையான ஓட்டோக்காரரின் இலக்கம் போதும்.

நிரந்தர மாதச் சம்பளம் உள்ள ஆசிரியர், தாதி, அரச ஊழியர் போன்றோர் மாதம் 500 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவார்களாயின், தவணை மாத வருமானத்தின் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால், சிறிய கார் ஒன்று நியாயமான தெரிவு.

ஏறி இறங்கும் வருமானமுள்ள வீட்டுக்கு, ஏற்கெனவே நுண்கடனோ நகை அடகோ இருந்தால், லீசிங் வேண்டாம். காணி உறுதியை ஈடு வைத்துக் கார் வாங்குவதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒன்று. முற்பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு "மிச்சத்தைக் கட்டுங்கோ" என்று சொல்வது உதவியா சுமையா என்று யோசியுங்கள். அனுப்பும் காசுக்குள் அடங்கும் பழைய வாகனம் ஒன்று, பாதிக் கடனோடு வரும் புதியதைவிட அவர்களுக்கு நிம்மதி தரும்.

அக்கா வீட்டில் இந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் பேசினோம். அண்ணாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "பழைய காரை எடுத்துப்போட்டுக் கராஜிலயே நிக்கப் போறியள்" என்றார். அக்கா ஒரே வரியில் சொன்னா: "வீட்டு வாசலிலை ஆரும் வந்து பறிச்சுக்கொண்டு போற சாமான் எனக்கு இனி வேண்டாம்."

அண்ணா அனுப்பிய காசோடு அக்காவின் சீட்டுக் காசையும் சேர்த்து, அதற்குள் அடங்கும் பழைய ஒட்டோமெட்டிக் சிறிய கார் ஒன்றை வாங்கினார்கள். பெயின்ற் சில இடங்களில் மங்கியிருக்கிறது. வாங்கி இரண்டாம் மாதம் பற்றரி மாற்ற வேண்டி வந்தது. அத்தான் அனுமதிப்பத்திரம் எடுத்து முடிக்க இன்னும் சில மாதங்கள் சென்றன. இப்போது கிளினிக் நாளில் அம்மா விடிய ஆறு மணிக்கு எழும்பினால் போதும். பின்னிருக்கையில் தலையணையோடு அவ, முன்னிருக்கையில் அக்கா. ஓட்டுவது அத்தான். மாதக் கடைசியில் அவர்களுக்குக் கட்டத் தவணை எதுவும் இல்லை.